நாலு வாரத்து அளவு

786
மஞ்சக்குட்டை,
5.1.97

தம்பி அமீர் ஜானுக்கு அக்கா சுபைதாவின் சலாம். நீயும் உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். சென்னையில் கொசு அதிகம் என்பார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள். இங்கே பனி கொட்டுகிறது. உன் மச்சான் கடையைத் திறக்கிறார், சாத்துகிறார். என் உடம்பைப் பற்றிக் கேட்காதே.

புதன்கிழமை என் பிள்ளை சலீமாவுக்கு நாற்பதாம் நாள் ஓதினோம். கரடியூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். வந்த பெண்கள் எல்லாரும், அல்லா கொடுத்தான், அல்லா எடுத்துக்கொண்டான் என்றார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அல்லா மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று உள்ளுக்குள் நடுக்கம். நாற்பது முடியட்டும், தம்பிக்கு எழுதலாம் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். அஞ்சாவது வரை படித்த கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். இன்னொருத்தரிடம் சொல்லி எழுத வைக்கிற விஷயம் இல்லை இது.

செப்டம்பர் மாசம் நீ ஒரு கடிதம் போட்டாய். நீ வேலை செய்கிற மருந்து ஆராய்ச்சிக்கூடத்து அனிமல் ஹவுசில் முயல்குட்டிகளுக்குத் தினமும் கால் அளக்கிறாய் என்று எழுதியிருந்தாய். காலையில் தீனி வைப்பதற்கு முன்னால் துண்டில் சுற்றிப் பிடித்து, பின்னங்காலை மடக்கி, முழங்காலிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரு கருவியில் வைத்தால் ஒரு மயிரிழை வளர்ந்திருந்தாலும் நம்பர் காட்டிவிடும், ஒவ்வொரு முயலையும் ஐந்து தடவை அளக்க வேண்டும், டெய்லர்கூட இத்தனை தடவை அளக்கமாட்டான் என்றெல்லாம் எழுதியிருந்தாய். சலீமாதான் எனக்கு வாசித்துக் காட்டினாள். மாமா முயலுக்கு பேண்ட் தைக்கிறாரா என்று கேட்டுச் சிரித்தாள்.

பின்பக்கத்தை அவள் படிக்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இளைப்புக்குக் கொடுக்கிற ஒரு மருந்தை ஒரு வரிசை முயலுக்குக் கொடுக்கிறோம், நம் சலீமா தினமும் இழுக்கிற பம்பில் இருப்பதும் அதே மருந்துதான், நாலு வாரத்தில் அந்த வரிசை மற்ற வரிசையில் பாதிகூட வளரவில்லை என்று எழுதியிருந்தாய்.

அவள் அஞ்சாவது. பள்ளிக்கூடத்தில் உயரப்படி நிற்க வைத்தால் மூணாவது படிக்கிற பிள்ளைகளுக்கும் முன்னால் நிற்பாள். அவள் அழுததில்லை. நான் அழுதிருக்கிறேன்.

பம்பை நிறுத்திவிட்டேன் தம்பி. செப்டம்பர் பதினஞ்சு, ஞாயிற்றுக்கிழமை. டாக்டரைக் கேட்கவில்லை. உன் மச்சான் கேட்டால், இழுத்துவிட்டாள் என்பேன். நீ அளக்கிற மாதிரியே நானும் காலையில் சோறு கொடுக்கும் முன் அவளை உட்கார வைத்து, முழங்கால் மேல் பலகை வைத்து, டேப்பால் தரை வரைக்கும் அளப்பேன். அக்டோபர் கடைசிக்குள் ஒரு நூல் ஏறியிருந்தது. சந்தோஷப்பட்டேன்.

நவம்பர் இருபத்திரண்டு காலையில் மழை. விடியும்போதே மூச்சு இழுத்தது. பம்பை எடுத்துக் கொடுத்தேன். அது வராமல் தடுக்கிற மருந்து, வந்த பிறகு கேட்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஏற்காட்டில் ஊசி போட்டு, சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஜீப்பில் கடைசி வளைவு தாண்டி அடிவாரம் வந்தபோது என் மடியில் அவள் கனம் மாறிவிட்டது. டிரைவருக்கும் உன் மச்சானுக்கும் அது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரி வரைக்கும்.

உன் மேல் குற்றம் இல்லை. நீ தெரிந்ததை எழுதினாய். ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். மருந்து கொடுத்த முயல்கள் கடைசியில் வளர்ந்தனவா, வளரவில்லையா? வளரவே இல்லை என்றால், நான் செய்ததற்கு ஒரு காரணமாவது இருந்தது என்று அதைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன்.

உன் வீட்டில் எல்லாருக்கும் சலாம் சொல்லு.
அக்கா சுபைதா

786
சென்னை,
29.1.97

மரியாதைக்குரிய அக்காவுக்குத் தம்பி அமீர் ஜான் சலாத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் மச்சானும் நோன்பு பிடிக்கிறீர்களா? உடம்பு தாங்காவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம், விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று இமாம் சொல்கிறார்.

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. பதில் எழுதப் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். நாற்பதுக்கு வர முடியாதது என் மனதில் இருக்கிறது. உங்கள் கடிதம் கண்ட பிறகாவது வந்திருக்கலாம், லீவு கேட்கவில்லை அக்கா. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். வர முகம் இல்லை.

நீங்கள் எழுதியதை வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம். மச்சானுக்கும் வேண்டாம். முயல் விஷயம் இன்னும் முடியவில்லை. அளப்பது மட்டும்தான் என் வேலை. கூட்டிக் கழித்துப் பார்ப்பது எங்கள் டாக்டர் அம்மாவும் மற்றவர்களும். அவர்கள் என்னிடம் சொல்ல மாட்டார்கள். ஆகையால் அதையே நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

பேரீச்சம்பழம் ஒரு கிலோ பார்சல் அனுப்பியிருக்கிறேன். வந்ததா என்று எழுதவும்.
தம்பி அமீர் ஜான்

786
மஞ்சக்குட்டை,
14.2.97

தம்பிக்கு அக்கா சலாம். பெருநாள் நல்லபடி ஆயிற்றா? பிள்ளைகளுக்கு என்ன துணி எடுத்தாய்? பேரீச்சம்பழம் வந்தது. உன் மச்சான் அதை வைத்துத்தான் நோன்பு திறந்தார். நானும் முப்பதும் பிடித்தேன். பசியே எடுக்காதவளுக்கு நோன்பு என்ன கஷ்டம்?

பெருநாளன்று உன் மச்சான் குளித்துவிட்டு வந்து, அவளுடைய பழைய சுவெட்டரை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் மடித்து வைத்துவிட்டார். நல்ல மனுஷன். எனக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் அவர் சாப்பிடுகிறார். நான் என்ன செய்தேன் என்று தெரிந்தால் இப்படிப் போடுவாரா?

இன்னொன்று கேள். சலீமா பம்பு இழுத்துத்தான் போய்விட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு. நெஞ்சைக் காய வைத்துவிடுமாம். நான் மறுக்கவில்லை. மறுத்தால் பிறகு எல்லாம் சொல்ல வேண்டும். எஸ்டேட் லைனில் இருக்கிற மரியபுஷ்பத்தை உனக்குத் தெரியாது, காப்பிப் பழம் பறிக்கிறவள், நம் கடையில்தான் சாமான் வாங்குவாள். அவள் பெண் தேவகுமாரிக்கு ஏழு வயசு, இவளுக்கும் இளைப்பு. அதே டாக்டர், அதே பம்ப். மரியபுஷ்பம் வந்து ரகசியமாகக் கேட்கிறாள்: "ஏனுங்க பாயம்மா, அந்தப் பம்பு நல்லதுங்களா கெட்டதுங்களா?" எனக்குத் தெரியலை புஷ்பம் என்றேன். உண்மையாகவே தெரியவில்லையே. அதைத்தான் உன்னைக் கேட்கிறேன்.

நான் தொழுகிறேன். தொழுது முடித்துக் கை ஏந்தினால் கேட்க ஒன்றும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கு மன்னிப்பு என்று முதலில் தெரிய வேண்டாமா? செய்தது தப்பா, இல்லை விதியா? அந்த முயல்களுக்குத்தான் தெரியும். எப்போது முடியும் என்று டாக்டர் அம்மாவைக் கேட்டு எழுது.
அக்கா

786
சென்னை,
20.3.97

அக்காவுக்கு அநேக சலாம். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு அம்மை போட்டு இறங்கியது, அதனால்தான் தாமதம். மச்சான் உடம்பு எப்படி? கடை வியாபாரம் எப்படி? காப்பிப் பூ பூத்துவிட்டதா? மலை முழுக்க வாசமாக இருக்குமே.

எனக்கு இப்போது வேலை அதிகம். வெள்ளை எலிக் கூண்டு நாற்பதும் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். தினமும் கழுவிப் போட்டு, உமி மாற்றி, தண்ணீர் வைத்து முடிக்க மத்தியானம் ஆகிவிடுகிறது. முயல் இருந்த அறைக்கு இப்போது சுண்ணாம்பு அடிக்கிறார்கள், அந்த நெடி வேறு.

நீங்கள் கேட்டது நினைவிருக்கிறது. எங்கள் வேலையைப் பற்றி வெளியே எழுதக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அந்தச் செப்டம்பர் கடிதம் எழுதியதே என் தப்பு. ஏதோ பெரிய வேலை செய்கிறேன் என்று அக்காவிடம் பீற்றிக்கொள்ள எழுதினேன். ஒருமுறை சேலம் போய் நல்ல டாக்டரிடம் உங்களையும் காட்டிக்கொள்ளுங்கள். தூங்க மாத்திரை கொடுப்பார்கள்.
தம்பி

786
மஞ்சக்குட்டை,
2.4.97

தம்பிக்கு சலாம். சின்னவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா?

முயல் இருந்த அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று நீதான் எழுதியிருக்கிறாய். அப்படியானால் முயல் இல்லை. முயல் இல்லை என்றால் அளந்து முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்றால் உனக்குத் தெரியும்.

நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள். பொய் சொல்லும்போது நீ ஊர் நலம் விசாரிப்பாய், சின்ன வயசிலும் அப்படித்தான். காப்பிப் பூவைப் பற்றி இப்போது உனக்கு என்ன?

வளர்ந்தது அல்லது வளரவில்லை. ஒரு வார்த்தை. ஒரு கார்டில் எழுதிப் போடு, யார் படித்தாலும் ஒன்றும் புரியாது. இதற்கும் நீ எழுதாவிட்டால் நான் ஒன்றும் செய்துகொள்ள மாட்டேன், பயப்படாதே. ஆனால் இப்படியே எத்தனை நாள் இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. குளிப்பதில்லை. தலை சீவுவதில்லை. கடைக்கு வருகிறவர்கள் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்துகிறார்கள்.
அக்கா

786
சென்னை,
9.4.97

அக்காவுக்கு சலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளரவில்லை. கடைசிவரை வளரவில்லை. மருந்து கொடுத்த வரிசை குட்டையாகவே நின்றுவிட்டது. என் கையால் அளந்தது. எந்தத் தாயாக இருந்தாலும் நீங்கள் செய்ததைத்தான் செய்திருப்பாள். மற்றது அவள் ஆயுசு.

இனி இதைப் பற்றி நாம் எழுதிக்கொள்ள வேண்டாம் அக்கா. குளித்துச் சாப்பிடுங்கள்.
அமீர்

786
மஞ்சக்குட்டை,
2.5.97

என் தம்பி அமீருக்கு அக்கா மனசார சலாம் சொல்லி எழுதுவது. நீ நூறு வயசு இருக்க வேண்டும். உன் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். பக்ரீதுக்குப் பிரியாணி ஆக்கினேன். அஞ்சு மாசத்துக்குப் பிறகு அடுப்பில் பெரிய பாத்திரம் ஏற்றினேன் என்று உன் மச்சான் பார்த்துக்கொண்டே நின்றார்.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன். என் பிள்ளை பம்பு இழுத்திருந்தால் குட்டையாகவே நின்றிருப்பாள், நான் அவளை நிமிர்த்தத்தான் பார்த்தேன், அதற்குள் அவள் ஆயுசு முடிந்துவிட்டது. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லச் சொல்லக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. துக்கம் போகவில்லை. துக்கம் இருக்கட்டும், அது என் பிள்ளைக்கு உரியது. பயம்தான் போயிற்று.

போன வாரம் மரியபுஷ்பம் கடைக்கு வந்தாள். தேவகுமாரியும் கூட வந்தாள். அந்தப் பிள்ளையும் வளர்த்தி இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. புஷ்பம், அன்றைக்குக் கேட்டியே, இப்போது சொல்கிறேன், என் தம்பி மெட்ராசில் முயலுக்குக் கொடுத்துத் தன் கையால் அளந்து பார்த்தவன், அந்த மருந்து எலும்பை வளரவிடாது, நிறுத்திவிடு என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னா செரிங்க பாயம்மா, நீங்க பட்டவங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நிறுத்திவிட்டாளாம். ஓமவல்லிச் சாறு கொடுக்கிறாளாம். ஒரு பிள்ளைக்காவது என் அனுபவம் உதவட்டும்.

கோடை விழாவுக்கு மேலே ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. லீவில் நீயும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. முகம் இல்லை என்று எழுதியிருந்தாய். உனக்கு என்னடா முகம் இல்லாமல் போயிற்று?
அக்கா சுபைதா

தந்தி
சென்னை, 5.5.97

தேவகுமாரிக்கு மருந்து இன்றே கொடுக்கச் சொல்லவும். நிறுத்தக் கூடாது. கடிதம் வருகிறது. அமீர்.

786
சென்னை,
5.5.97

அக்காவுக்கு.

சலாம். தந்தி கொடுத்துவிட்டு தபாலாபீசில் நின்றுகொண்டே இதை எழுதுகிறேன். முதலில் அந்தப் பிள்ளைக்கு மருந்தைக் கொடுக்க வைத்துவிட்டு அதன் பிறகு படியுங்கள்.

வளர்ந்தன அக்கா. எல்லாம் வளர்ந்தன. முதல் நாலு வாரம் மருந்து கொடுத்த வரிசை பின்தங்கியது உண்மை. அதைத்தான் உங்களுக்கு எழுதினேன். அதன் பிறகு மருந்தை நிறுத்தவில்லை, கொடுத்துக்கொண்டேதான் இருந்தோம். எட்டாவது வாரம் வித்தியாசம் குறைந்தது. பன்னிரண்டாவது வாரம் எந்த முயல் எந்த வரிசை என்று காது அடையாளத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. கடைசியில் எலும்பைத் தனியாக எடுத்தும் அளந்தார்கள். ஒன்றும் இல்லை. நாலு வாரத்து அளவை வைத்துக் கடைசி உயரத்தைச் சொல்ல முடியாது, அதைக் காட்டத்தான் இவ்வளவு நாள் அளந்தோம் என்று டாக்டர் அம்மா எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

அவர் அதைச் சொன்னது நவம்பர் மாசம் நாலாம் தேதி. சலீமா அப்போது இருந்தாள்.

அன்று சாயங்காலமே உங்களுக்கு எழுதலாம் என்று இன்லேண்ட் வாங்கினேன். முயல்கள் கடைசியில் ஜெயித்துவிட்டன என்று சலீமாவுக்கு எழுத நினைத்தேன். தீபாவளிக் கூட்டம், வீடு மாற்றம், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். நீங்கள் பம்பை நிறுத்தியது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நடந்தாவது வந்திருப்பேன். அந்த இன்லேண்ட் இன்னும் எழுதாமல் இருக்கிறது.

ஏப்ரலில் நான் எழுதியது பொய். நீங்கள் சாப்பிட வேண்டும் என்று எழுதினேன். நான் தூங்க வேண்டும் என்றும் எழுதினேன். அது இன்னொரு பிள்ளை வரைக்கும் போகும் என்று நினைக்கவில்லை.

அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று உடனே எழுதுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.
அமீர் ஜான்

786
மஞ்சக்குட்டை,
20.5.97

தம்பி அமீர் ஜானுக்கு சலாம். உன் வீட்டில் சுகமா? தேவகுமாரி நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

தந்தி கடைக்குத்தான் வந்தது. உன் மச்சான் வாங்கிப் படித்து, ஒன்றும் விளங்காமல் உள்ளே வந்து, தேவகுமாரி யாரு, அவளுக்கும் உன் தம்பிக்கும் என்ன என்று கேட்டார். உன் கடிதம் வராமலே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொடுக்கச் சொல்கிறாய் என்றால் கொடுத்திருக்கலாம் என்றுதானே அர்த்தம்? செருப்புக்கூடப் போடாமல் இறங்கினேன். ஜீப் எல்லாம் மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டது. குறுக்கே தோட்டத்தில் விழுந்து நடந்தேன். அவர் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

லைன் வீட்டு வாசலில் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போகும்போதே அந்தச் சத்தம். நெஞ்சுக்குள் யாரோ சீழ்க்கை அடிக்கிற மாதிரி. எனக்குத் தெரியாத சத்தமா அது? மரியபுஷ்பம் ஓமவல்லி கசக்கிக்கொண்டிருந்தாள். பம்பை எடு, இப்போதே கொடு, கொடுத்துவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. நிதானமாக என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க பாயம்மா, அன்னைக்கு வேண்டாம்னீங்க. இப்பக் குடுங்கறீங்க. எம் புள்ள என்ன உங்க தம்பி வளக்கற முசலுங்களா?"

தம்பி தப்பாகச் சொல்லிவிட்டான், இப்போது தந்தி கொடுத்திருக்கிறான் என்றேன். காட்டுங்க என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி, மருந்து கம்பெனிக்காரன் காசு கொடுத்திருப்பான் என்றாள். இன்னொருத்தி சிரித்தாள். மரியபுஷ்பம் சிரிக்கவில்லை. பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த மருந்த இழுத்துத்தான் உங்க புள்ள போயிருச்சுங்களே. அத நாங்க எல்லாரும் கண்ணால பாத்தமுங்க. எங்களுக்கு நொம்ப பயமா இருக்குதுங்க."

அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது தம்பி. இந்த ஆறு மாசமாக ஊர் பேசியதை நான் மறுக்காமல் விட்டதெல்லாம் அங்கே வந்து அந்தப் பிள்ளையின் மேல் உட்கார்ந்திருந்தது.

"இழுக்கல புஷ்பம்" என்றேன். "நான் குடுக்கல. அறுபத்தெட்டு நாளு குடுக்காம வெச்சிருந்தேன். அதுலதான் போயிட்டா. எம் புள்ளய நான்தான் கொன்னேன். நீ குடு."

மரியபுஷ்பம் எழுந்து உள்ளே போய், டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்த பம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் பிடித்துக் கொடுக்கக் கை நீட்டினேன். வேண்டாமுங்க என்று நகர்ந்துகொண்டு அவளே கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். எஸ்டேட் வண்டி ஒன்று வந்து ஏற்றிக்கொண்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர்.

நான் திரும்பினபோது உன் மச்சான் நின்றுகொண்டிருந்தார். தந்தியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நடந்தார். நான் பின்னால் நடந்தேன். வரும்போது அவர் என் பின்னால் வந்தார், போகும்போது நான்.

ஒரு வாரம் கழித்து மரியபுஷ்பம் கடை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. பிள்ளை நல்லா இருக்குதுங்க, நீங்க வந்து சொல்லாம இருந்திருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனுங்க என்றாள். பிறகு, "இனிமே எங்க ஊட்டுப் பக்கம் வராதீங்க பாயம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். இப்போது சாமான் வாங்க மேலே டவுனுக்குப் போகிறாள்.

உன் கடிதம் அதற்குப் பிறகு நிதானமாகப் படித்தேன். நாலாம் தேதி எழுதியிருந்தால் எட்டாம் தேதி வந்திருக்கும். அன்றைக்கே கொடுக்க ஆரம்பித்திருப்பேன். நடுவில் பதினாலு நாள். போதுமா போதாதா என்று டாக்டரைக் கேட்கலாம். கேட்கமாட்டேன். உன்னைக் குத்துவதற்கு இதை எழுதவில்லை. நாள் எண்ணாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பொய் எழுதினாய் என்று கோபமும் இல்லை. அந்த மூணு வாரம் நான் தூங்கினேன்.

உன் மச்சான் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பேசவும் இல்லை. தட்டில் அவரே போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். எனக்கு எடுத்து வைப்பதில்லை. ஜமாத்தில் இரண்டு பேர் வந்து அவரிடம் ஏதோ கேட்டார்கள். என் ஊட்டு விஷயம் என்று அனுப்பிவிட்டார்.

பதினோராம் நாள், அதாவது வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுவிட்டு வந்தார். தொப்பியைக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார். எத்தனை நாள் என்று எல்லார் எதிரிலும் நான் சொன்னதை அவர் கேட்டிருக்கிறார். எதனால் என்றும் தெரிந்திருக்கும். அதெல்லாம் கேட்கவில்லை.

"அவ கேட்டாளா?" என்றார்.

உனக்கும் இதை நான் எழுதியதில்லை தம்பி. யாருக்கும் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன், உனக்கும் எழுதிவிடுகிறேன்.

கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். முதல் தடவை நிறுத்தின மறுநாளே. பம்ப் எங்கம்மா என்றாள். தீர்ந்துபோச்சு, அத்தா வாங்கி வருவார் என்றேன். இரண்டாம் தடவை அவள் போவதற்கு முந்தின வாரம். புத்தகப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, மேடு ஏறினா மூச்சு வாங்குதும்மா, ஒரே ஒரு தடவை இழுத்துக்கட்டுமா என்று கேட்டாள். நான் அவளைச் சுவரோரம் நிறுத்தித் தலையைத் தடவி, "வளரணுமா வேண்டாமா கண்ணு?" என்றேன்.

வளரணும் என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு போனாள்.

பிள்ளைகளுக்கு சலாம்.
அக்கா